தினமும் ஒரே மாதிரி ஓடும் குடும்ப வாழ்க்கையில் நன்றியுணர்வு எங்கிருந்து வரும்?

கேள்வி கேட்ட தங்கைக்கு. (தம்பியாகவும் இருக்கலாம். கேட்டிருக்கிற தோரணையைப் பார்த்தால் தங்கை என்றுதான் படுகிறது.)

“தினமும் மூன்று விஷயத்துக்கு நன்றி எழுதுங்கள், குடும்பம் இனிக்கும் என்கிறார்கள். எனக்கு எழுத ஒன்றும் தோன்றவில்லை. வேலை, சமையல், சண்டை, தூக்கம், மறுபடி வேலை. இதில் நன்றிக்கு என்ன இருக்கிறது?” என்று கேட்டிருக்கிறீர்கள். வேறு ஏதோ தேடி வந்தவள், இதைப் படித்ததும் உட்கார்ந்துவிட்டேன். நானும் அப்படி எழுதிப் பார்த்தவள். மொத்தம் பதினோரு நாள். முதல் நாளே பிள்ளைகள், உடம்பு, உத்தியோகம் என்று பெரிய விஷயங்கள் மூன்றும் தீர்ந்துபோயின. ஐந்தாம் நாள், ‘இன்று சிலிண்டர் வந்தது’. ஒன்பதாம் நாள், ‘மழை வருகிற மாதிரி இருந்தது’. கோவில்பட்டிப் பக்கம் அதுவும் நன்றிக்குரிய விஷயம்தான், இல்லையென்று சொல்லவில்லை. பன்னிரண்டாம் நாள் நோட்டைத் திறந்தால் என் மகள் அதில் கணக்குப் போட்டுப் பார்த்திருந்தாள். அதோடு விட்டது.

உங்கள் நிலைமையை நானாக ஊகிக்கிறேன். இரண்டு பேரும் வேலைக்குப் போகிறீர்கள். சின்னக் குழந்தை ஒன்று இருக்கும். காலையில் கண் விழிக்கும்போதே, நேற்று அவர் எதையெதைச் செய்யவில்லை என்ற பட்டியலும் கூடவே விழிக்கும். எனக்கு எப்படித் தெரியும் என்றால், பதினைந்து வருடம் நான் அப்படித்தான் விழித்தேன்.

மேலே போவதற்கு முன் ஒன்று. அடிக்கிறவர், குடித்துவிட்டு வந்து பாத்திரத்தை எறிகிறவர், சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்கிறவர் என்றால் இந்தப் பதில் உங்களுக்கானது அல்ல. அங்கே நன்றியைத் தேட வேண்டாம். 181 என்ற எண்ணில் பெண்களுக்கான உதவி மையம் இருக்கிறது, 2005ஆம் வருடத்துக் குடும்ப வன்முறைச் சட்டம் இருக்கிறது. அதைப் பாருங்கள்.

இன்னொன்று. “பெண்ணுக்குப் போய் நன்றி பற்றிப் பாடம் எடுக்கிறாயா?” என்று கீழே நாலு பேர் வருவார்கள், தெரியும். 2024இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பை நானும் படித்தேன். சம்பளமில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் ஒரு நாளில் 289 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 88 நிமிடம். அதுவும் வீட்டு வேலை செய்கிற ஆண்களை மட்டும் கணக்கில் எடுத்தால்தான் அந்த 88. 2023இல் சென்னை உயர் நீதிமன்றம், வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவிக்கும் கணவன் வாங்கிய சொத்தில் சம பங்கு உண்டு என்று சொன்னபோது, பேப்பரைக் கத்தரித்து வைத்துக்கொண்ட ஆள் நான். ஆகவே என்னிடம் அதைச் சொல்லித் தர வேண்டாம். நான் சொல்லப்போவது என் வீட்டுக் கதை. எல்லார் வீட்டுக்கும் பொருந்தும் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை.

எங்கள் பக்கம் கரிசல் மண். போர் போட்டால் உப்புத் தண்ணீர்தான். குளிக்க, துவைக்க, கழுவ அது போதும். குடிக்க, சமைக்க வேண்டிய நல்ல தண்ணீர், தாமிரபரணியும் சிற்றாறும் கூடுகிற சீவலப்பேரியிலிருந்து குழாயில் ஏறி வர வேண்டும். அப்போதெல்லாம் எங்கள் தெருவுக்கு எட்டு நாளைக்கோ பத்து நாளைக்கோ ஒரு தடவை வரும், அதுவும் பெரும்பாலும் நடுச்சாமத்தில். என் வீட்டுக்காரர் தீப்பெட்டி ஆபீஸில் கணக்குப் பார்க்கிறார். (வெளியூர்க்காரர்களுக்காக: எங்கள் ஊரில் தீப்பெட்டித் தொழிற்சாலையை ‘ஆபீஸ்’ என்றுதான் சொல்வோம்.) தண்ணீர் பிடிப்பது அவர் வேலை. நானாகக் கொடுத்ததில்லை, கல்யாணமான 2003இலிருந்து அப்படியே நடந்துவந்தது. அவர் தண்ணீர் பிடிக்கிறார் என்பது எனக்குத் தெரியாதா என்ன? தெரியும். சூரியன் உதிக்கிறது என்பது தெரிகிற மாதிரி தெரியும்.

2018இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவருடைய தங்கை வந்திருந்தாள். நான் காலையிலிருந்து நின்றுகொண்டே இருந்தேன், அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். “இந்த வீட்டுல நீங்க ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போட்டது கிடையாது” என்று நாத்தனார் முன்னாலேயே சொல்லிவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பேப்பரைத் திருப்பினார். அந்தத் திருப்பல் எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. போதாததற்கு, “பச்சைக் குடம் ரெண்டையும் எங்க தொலைச்சீங்க? பதினாலு குடம் இருந்த வீடு, பன்னிரண்டுதான் இருக்கு” என்று அதையும் சேர்த்தேன். அதற்கும் பதில் இல்லை.

அடுத்த மாதமே அவருக்குக் குடலிறக்க ஆபரேஷன். ஆறு வாரம் கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து நாலாம் நாள் ராத்திரி, என் தோளைத் தட்டி, “இன்னைக்குத் தண்ணி வரும். ரெண்டரைக்கு எந்திரிக்கணும்” என்றார். எப்படித் தெரியும் என்றேன். தண்ணீர் திறந்துவிடுகிற அண்ணனுக்கு முந்தின நாளே போன் போட்டுக் கேட்டுக்கொள்வாராம். அவருக்குத் தீபாவளிக்கு ஒரு பொட்டலம் மிக்சர் போகுமாம். நான் இத்தனை வருடமாக அந்த மிக்சர் ஆபீஸுக்குப் போகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீட்டுக் குழாய் வாசலில் ஒரு குழிக்குள் இருக்கிறது. மேலே இருந்தால் தண்ணீர் ஏறாது என்று இறக்கி வைத்தது. தண்ணீருக்கு முன்னால் காற்று வரும். குழாய் இருமுகிற மாதிரி ஒரு சத்தம். வந்துவிட்டது என்று முதல் குடத்தை வைத்தேன், நிரப்பினேன், தூக்கிக்கொண்டு போய்க் குடிதண்ணீர் டிரம்மில் ஊற்றினேன். மூன்றாவது குடத்தில்தான் கவனித்தேன், டீ நிறத்தில் இருந்தது. அவர் வாசலில் நாற்காலி போட்டு வயிற்றைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். “கலங்கல் போகட்டும், முதல் அஞ்சாறு குடம் செடிக்குத்தான்” என்றார். இதை முன்னாலேயே சொல்லக் கூடாதா? “நீங்க பேசாம உள்ள போய்ப் படுங்க” என்று கத்தினேன். டிரம்மைக் கவிழ்த்துக் கழுவி, வேட்டித் துணியைக் கட்டி, மறுபடியும் முதலிலிருந்து. ஒரு குடம் நிறைந்தால் பதினைந்து கிலோவாவது இருக்கும். குழிக்குள் குனிந்து தூக்கி, இரண்டு படி ஏறி, அடுப்படி வரைக்கும் கொண்டுபோக வேண்டும். ஏழாவது குடத்தில் இடுப்பு என் பேச்சைக் கேட்கவில்லை.

அதுகூடப் பரவாயில்லை. தெருவே விழித்திருந்தது! எதிர்வீட்டுக்காரம்மா, “என்ன டீச்சர், அண்ணாச்சிக்கு மேலுக்கு முடியலையா?” என்றார். பக்கத்து வீட்டுப் பெண், “கடுங்காப்பி வேணுமா டீச்சர், அண்ணாச்சிக்கு எப்பவும் கருப்பட்டி போட்டுக் குடுப்பேன்” என்றாள். என் வீட்டுக்காரருக்குக் கருப்பட்டிக் கடுங்காப்பி பிடிக்கும் என்பதே எனக்குச் செய்தி. ராத்திரி ரெண்டரை மணிக்கு அந்த மனிதருக்கு எனக்குத் தெரியாத ஒரு வாழ்க்கை ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. கடைசியில் முனைவீட்டு ஆச்சி கம்பை ஊன்றிக்கொண்டு வந்து நின்றார். கையில் ஒரு பச்சைக் குடம். “இன்னொண்ணு திண்ணையில கெடக்கு தாயி” என்றார். தனியாக இருக்கிற மனுஷி. மூன்று வருடமாக என் வீட்டுக்காரர்தான் அந்த இரண்டு குடத்தையும் நிரப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தாராம்.

மறுநாள் சாப்பிடும்போது, “ஏங்க, அன்னைக்கு உங்க தங்கச்சி முன்னால அவ்வளவு பேசினேனே, ஏன் இதைச் சொல்லலை?” என்று கேட்டேன்.

“தண்ணி பிடிச்சதையெல்லாமா ஒருத்தன் சொல்லிக்கிட்டிருப்பான்?” என்றார்.

நான் தமிழ் ஆசிரியை. ‘செய்ந்நன்றி அறிதல்’ பதினோராவது அதிகாரம், இல்லறவியலில் வருகிறது என்று எத்தனையோ வருடம் போர்டில் எழுதிப் போட்டிருக்கிறேன். வள்ளுவர் அறிதல் என்றுதான் வைத்திருக்கிறார், சொல்லுதல் என்று வைக்கவில்லை. இதைப் பிள்ளைகளுக்கு விளக்கியும் இருக்கிறேன். என் வீட்டு வாசலில் என்ன நடக்கிறது என்று அறிந்துகொள்ள எனக்கு ஓர் ஆபரேஷன் தேவைப்பட்டது. உங்கள் நோட்டில் எழுத ஒன்றும் தோன்றவில்லை என்றால், நீங்கள் நன்றி கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. வீட்டில் நடப்பதில் பாதி உங்கள் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். அவர் கண்ணிலும் பட்டிருக்காது.

அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அவரைத் தெய்வமாக்கிவிட்டேன் என்பீர்கள். அந்த ஆறு வாரம் அவர் உட்கார்ந்த இடத்தில் காய் நறுக்கினார், டிபன் பாக்ஸ் கட்டினார். பதினைந்து வருடம் தண்ணீர் பிடித்ததைப் பற்றி வாய் திறக்காத மனிதர், அரைக் கிலோ சின்ன வெங்காயம் உரித்ததைத் தங்கைக்குப் போன் போட்டுச் சொன்னார். ஆபீஸுக்கும் சொன்னார். “இவ தினமும் எப்படித்தான் உரிக்கிறாளோ” என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. என்னிடம் நேராகச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் யாராவது யாருக்காவது நன்றி என்று சொன்னால், “என்ன, அசலார் மாதிரி பேசுற” என்றுதான் கேட்பார்கள்.

கணவன் மனைவிக்குள் கணக்குப் பார்க்கக் கூடாது என்று அறிவுரை சொல்ல மாட்டேன். கணக்குப் பார்க்காத குடும்பம் எங்கே இருக்கிறது? எங்கள் பக்கம் நல்லது கெட்டது எல்லாமே செய்முறைதான். வீட்டுக்கு வீடு மொய் நோட்டு உண்டு. ஒரு நெருங்கிய சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு 5,001 ரூபாய் எழுதினோம். அப்போது பவுன் விலையும் எங்கள் கையிருப்பும் என்ன நிலைமையில் இருந்தன என்று அவர்களுக்கே தெரியும். எங்கள் மகள் சடங்குக்கு அவர்கள் எழுதியது 501. பந்தியில் இரண்டாம் தடவை பாயசம் வேறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். சைபர் ஒன்றை எழுதுகிறவர் விட்டுவிட்டாரோ என்று கவரைத் தேடியெடுத்துப் பார்த்தேன், கவரிலும் 501தான். ஏழு வருடமாகிறது, இன்னும் மறக்கவில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். ஆனால் நன்றியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அந்த முகம்தான் முதலில் வருகிறது, என்ன செய்ய?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எல்லார் வீட்டிலும் ஆபரேஷன் நடக்கட்டும் என்று சொல்ல வரவில்லை. ஒரு வாரத்துக்கு வேலையை மாற்றிக்கொண்டு பாருங்கள். அவர் என்ன செய்கிறாரோ அதை நீங்கள், நீங்கள் செய்வதை அவர். இன்சூரன்ஸ் கட்டுவதோ, வண்டிக்குக் காற்று பிடிப்பதோ, மாமியாரின் மாத்திரை சீட்டோ, எதுவானாலும். ஒன்றுமே செய்யாதவர் என்றால் அதுவும் ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். அப்புறம் நீங்கள் போடுகிற சண்டைக்கு ஆதாரமாவது இருக்கும்.

இப்போது தரைத்தொட்டி கட்டி மோட்டார் வைத்துவிட்டோம். குடம் தூக்குகிற வேலை குறைந்துவிட்டது. ஆனாலும் கலங்கல் போகிற வரைக்கும் யாராவது எழுந்து நிற்க வேண்டும், ஆச்சிக்கு இரண்டு குடம் பிடித்து வைக்க வேண்டும். குழாய் இருமுகிற சத்தம் இப்போதெல்லாம் எனக்கும் கேட்கிறது. கேட்டாலும் பாதி நாள் நான் எழுந்திருப்பதில்லை, காலையில் எனக்கு முதல் பீரியட் இருக்கிறது. படுக்கப் போகும் முன் கருப்பட்டிக் கடுங்காப்பி போட்டு பிளாஸ்கில் ஊற்றி வாசல் ஜன்னலில் வைத்துவிடுவேன். காலையில் பார்த்தால் பிளாஸ்க் கழுவிக் கவிழ்த்திருக்கும். அதற்கு இன்று வரை அவர் ஒரு தேங்க்ஸ் சொன்னது கிடையாது. பக்கத்து வீட்டுப் பெண்ணிடம், “உன் காப்பி அளவுக்கு வராது” என்று சொன்னதாக மட்டும் கேள்வி.