விற்ற நாணயம் திரும்பி வந்தால்: வாசகர் கேள்வி-பதில்

மழை தொடங்கினதிலிருந்து எனக்கு வருகிற கேள்விகளில் பாதிக்கு மேல் எப்படி விற்பது என்பது பற்றியல்ல, விற்றபிறகு நடப்பது பற்றித்தான். "வாங்கினவர் திருப்பி அனுப்பப் போகிறாராம், என்ன செய்ய?" என்று கேட்டு திருகோணமலையிலும் சுற்றுவட்டத்திலும் இருந்து வந்தவற்றில் சிலதை எடுத்து இங்கே பதில் எழுதுகிறேன். பெயர்களை விட்டுவிட்டேன். சிலவற்றுக்கு நீட்டித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

கிண்ணியாவிலிருந்து ஒரு தம்பி: எங்கள் வாப்பா வைத்திருந்த 1957 புத்த ஜயந்தி ஐந்து ரூபா வெள்ளி நாணயத்தை முகநூலில் கண்டிக்காரர் ஒருவருக்கு விற்றேன். ஒரு கிழமை கழித்து, "இது போலி, காசைத் திருப்பிப் போடு" என்கிறார். நாணயம் நல்லது என்று எனக்குத் தெரியும். என்ன பதில் சொல்ல?

தம்பி, "நான் ஏமாற்றவில்லை" என்று எழுதாதீர்கள், அதை எல்லாரும்தான் எழுதுவார்கள். நாணயம் தராசில் இருக்கிற மாதிரி ஒரு போட்டோ, இரண்டு பக்கமும் ஒவ்வொரு போட்டோ, விளிம்பு ஒன்று, இவ்வளவையும் அனுப்பச் சொல்லுங்கள். அந்த நாணயம் 92.5 சதவீத வெள்ளி, எடை 28.28 கிராம். புழங்கித் தேய்ந்தால் கொஞ்சம் குறையலாம், ஆனால் இரண்டு மூன்று கிராம் தேய்மானத்தில் போகாது. எடை சரியென்றாலும் அவருக்குச் சந்தேகம் தீரவில்லையா, தண்ணீர்ச் சோதனை செய்யச் சொல்லுங்கள். ஒரு குவளைத் தண்ணீரைச் சின்ன டிஜிட்டல் தராசில் வைத்துப் பூச்சியமாக்கி, நாணயத்தை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் முட்டாமல் தண்ணீருக்குள் முழுதாகத் தொங்கவிட வேண்டும். நல்ல வெள்ளி என்றால் தராசு ஏறக்குறைய 2.7 கிராம் காட்டும். அதே எடையில் செப்பு-நிக்கல் என்றால் 3.2 பக்கம் போகும். நாணயத்துக்கு ஒரு கீறலும் விழாது.

இனி முக்கியமான விஷயம். அனுப்புவதற்கு முன்னால் நீங்கள் கிட்ட வைத்துப் போட்டோ எடுத்தீர்களா? எனக்கே இதே நாணயத்தில் நடந்தது. நான் விற்றதில் விளிம்போரம், மணிக்கூட்டில் ஏழு மணி இருக்கிற இடத்தில், நகக்கண் அளவுகூட இல்லாத ஒரு சின்ன அடி இருந்தது. திரும்பி வந்ததில் அந்த அடி இல்லை, எடையும் குறைவு. ஆள் என்னுடையதை எடுத்துக்கொண்டு தன்னிடமிருந்த போலியை அனுப்பியிருக்கிறார். என்னுடைய பழைய போட்டோவையும் வந்ததின் போட்டோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அனுப்பினேன், அதோடு பிணக்கு முடிந்தது. அந்தப் போட்டோ இல்லாவிட்டால் காசும் போயிருக்கும், நாணயமும் போயிருக்கும். அதனால் திருப்பி எடுப்பதாக இருந்தால் இப்படி எழுதுங்கள்: "அனுப்புங்கள், நான் பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடுப்பேன், நான் அனுப்பிய அதே நாணயம் என்றால் அன்றைக்கே காசு போடுவேன்." நேர்மையான ஆள் இதற்குச் சரி என்பார். மாற்றி அனுப்ப நினைப்பவர் பெரும்பாலும் அதோடு பேசாமல் விடுவார்.

சோதனையில் அது உண்மையாகவே போலி என்று தெரிந்தால், வாப்பா வைத்திருந்தது என்பதெல்லாம் பேச்சில்லை. தபால் செலவோடு சேர்த்துத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

உப்புவெளி: ஈபேயில் "ரிட்டர்ன் இல்லை" என்று போட்டுத்தான் விற்றேன். அப்படியிருந்தும் ஜெர்மனியிலிருந்து ஒருவர் ரிட்டர்ன் கேட்டுத் திறந்திருக்கிறார். இது நியாயமா?

மனம் மாறித் திருப்புவதைத்தான் அந்த வரி தடுக்கும். "விவரணத்தில் சொன்னபடி இல்லை" என்று அவர் திறந்தால் அது உங்களுக்கு உதவாது. பொருள் சேர்ந்த நாளிலிருந்து 30 நாள் அவருக்கு இருக்கிறது. நீங்கள் 3 வேலை நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் அவர் ஈபேயைத் தலையிடக் கேட்கலாம், அதற்குப் பிறகு தீர்ப்பு உங்கள் கையில் இல்லை. இந்த வகை ரிட்டர்னில் திரும்பி வருகிற தபால் செலவும் உங்கள் தலையில்தான். ஜெர்மனியிலிருந்து இங்கே ஒரு பார்சல் வர என்ன ஆகும் என்று முதலில் பாருங்கள். நாணயத்தின் விலையை விட அது கூட என்றால் ஒரு பகுதியைத் திருப்பித் தருவதாகக் கேளுங்கள், அவர் சம்மதித்தால் முடிந்தது. மூன்று நாளையும் கோபத்தில் கழிக்காதீர்கள். நிறையப் பேர் தோற்பது அங்கேதான்.

கடற்கரைப் பக்கம் வீடு என்று ஒருவர்: 1870 விக்டோரியா ஐந்து சதச் செப்பு நாணயம், தாளிப்பனை மரம் போட்டது, நல்ல நிறத்தில் இருந்தது. பிளாஸ்ரிக் உறையில் போட்டு அனுப்பினேன். "பச்சை பிடித்திருக்கிறது, பிசுபிசுக்கிறது" என்று போட்டோ அனுப்புகிறார். தபாலில் கெட்டதற்கு நான் பொறுப்பா?

அது தபாலில் தொடங்கியதல்ல, உங்கள் அலமாரியில் தொடங்கியது. அந்த மெத்தென்ற, வாசம் வருகிற உறைகள் பிவிசி. அதை வளைய வைக்கச் சேர்க்கிற எண்ணெய்ப் பொருள் மெல்ல வெளியே வந்து நாணயத்தில் படியும், ஈரமும் சேர்ந்தால் அமிலமாகிச் செப்பை அரிக்கும். நம் ஊர்க் காற்றில் உப்பும் ஈரமும் எப்போதும் இருக்கிறது, மார்கழி மழையில் சொல்லவே வேண்டாம். மலைநாட்டில் பல வருடம் தாங்குகிற உறை இங்கே அவ்வளவு தாங்காது.

ஆகவே பொறுப்பு உங்களுடையதுதான், திருப்பி எடுங்கள். வந்ததும் சுத்தமான அசிட்டோனில், கண்ணாடிக் கிண்ணத்தில், அரை மணி நேரம் ஊறவிட்டு எடுங்கள். தேய்க்கவே கூடாது. துணியாலும் ஒற்ற வேண்டாம், தானாகக் காயட்டும். நகப்பூச்சு அழிக்கிற திரவம் வேண்டாம், அதில் வாசனையும் எண்ணெயும் கலந்திருக்கும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், அடுப்புப் பக்கம் போகாதீர்கள். பிசுபிசுப்பு போகும், ஆனால் அரித்த இடம் அரித்ததுதான், திரும்ப விற்கும்போது அதை எழுத வேண்டும். மிச்ச நாணயங்களை இன்றைக்கே பிவிசி இல்லாத மைலார் உறைக்கு மாற்றி, மூடி இறுகுகிற டப்பாவில், ஈரம் உறிஞ்சுகிற சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டோடு வையுங்கள். நூறு வருடத்துக்கு மேல் தப்பி வந்த ஒரு நாணயம் மலிவு உறை ஒன்றால் கெடுவதைப் பார்க்க எனக்குத் தாங்காது.

சாம்பல்தீவிலிருந்து ஒரு தங்கச்சி: அப்பாவின் 1892 ஐம்பது சத வெள்ளி நாணயத்தைப் "புத்தம் புதுசு மாதிரி" என்று போட்டேன். வாங்கினவர் "கழுவின நாணயம்" என்று திருப்பி அனுப்பினார். அம்மா அதைத் திருநீறு போட்டு மினுக்கியது உண்மைதான். அழகாகத்தானே இருக்கிறது?

அம்மா வெள்ளி விளக்கை மினுக்குகிற மாதிரி அன்போடு மினுக்கியிருக்கிறார், அதில் பிழை சொல்ல மாட்டேன். ஆனால் வாங்குபவர் சொன்னது சரி. நாணயத்தைக் கையில் எடுத்து, மேசை விளக்குக்குக் கீழே மெல்லச் சரித்துச் சரித்துப் பாருங்கள். புழங்காத, மினுக்காத வெள்ளியில் ஒளி ஒரு சக்கரம் மாதிரி சுற்றி வரும். மினுக்கினதில் ஒளி அசையாது, முகம் முழுக்கத் தலைமயிர் போல மெல்லிய கோடுகள் ஒரே பக்கமாக ஓடும். தரம் பார்க்கிற பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற நிறுவனங்கள் இப்படிப்பட்ட நாணயத்துக்குத் தர எண் கொடுக்காது, "சுத்தம் செய்யப்பட்டது" என்று எழுதித்தான் பெட்டியில் அடைக்கும். விலை பாதிக்கும் கீழே போகலாம்.

காசை முழுதாகத் திருப்பிக் கொடுங்கள். பிறகு அதே நாணயத்தை "மினுக்கப்பட்டது, மெல்லிய கோடுகள் உண்டு" என்று முதல் வரியிலேயே எழுதி, சரித்து எடுத்த போட்டோவும் போட்டு விற்றுப் பாருங்கள். விலை குறையும், ஆனால் திரும்பி வராது. நானும் தொடக்கத்தில் குறைகளைக் கடைசி வரியில்தான் எழுதுவேன். முதல் வரிக்குக் கொண்டுவந்த பிறகு எனக்கு வந்த ரிட்டர்ன்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

நிலாவெளி: 1942 இரண்டு சதத் தாள் ஒன்றை விற்றேன். வாங்கினவர் "ஒரு பக்கம் கிழிந்திருக்கிறது, பல்லுப் பல்லாக இருக்கிறது" என்கிறார்.

அவர் கேட்டதில் பிழையில்லை, அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். யுத்த காலத்தில் சில்லறைத் தட்டுப்பாடு வந்தபோது சின்னச் சின்னத் தாள்கள் அடித்தார்கள். அதில் ஐந்து சதத் தாள் ஒரு பாதி இரண்டு சதம், மறு பாதி மூன்று சதம் என்று நடுவில் வரிசையாகத் துளை போட்டு வந்தது, தேவைப்பட்டால் பிரித்துக் கொடுக்கலாம். நம் துறைமுகத்தில் குண்டு விழுந்த அதே வருடம். உங்களிடமிருந்தது பிரித்த பாதி. முத்திரை ஓரம் மாதிரி பல் இருப்பதுதான் அதன் இயல்பு. பிரிக்காத முழுத்தாளின் படம் ஒன்றை அனுப்பி விளக்குங்கள். ஆனால் தம்பி, விற்கும்போதே "இது ஐந்து சதத் தாளின் பாதி" என்று எழுதினீர்களா? எழுதவில்லை என்றால் அவர் கேட்டால் திருப்பி எடுங்கள்.

மூதூர்: வங்கியில் போட்டாயிற்று என்று சிட்டையின் படத்தை வட்ஸ்அப்பில் அனுப்பினார், நான் அன்றைக்கே பார்சலைக் கட்டி அனுப்பிவிட்டேன். காசு வரவேயில்லை.

படத்தை யாரும் செய்யலாம். உங்கள் கணக்கில் தொகை ஏறினதை உங்கள் கண்ணால் பார்த்தபிறகுதான் தபாற்கந்தோருக்குப் போக வேண்டும். இப்போதைக்குப் பதிவுத்தபால் சிட்டையை எடுத்துக்கொண்டு அனுப்பின கந்தோருக்கே போய், பார்சல் இன்னும் கொடுபடவில்லை என்றால் திரும்பப் பெற வழியுண்டா என்று கேளுங்கள். வட்ஸ்அப் பேச்சை அழிக்காதீர்கள், பொலிஸுக்குப் போனால் அதுதான் சாட்சி.

ஏகாம்பரம் வீதி: சேர்ந்ததாக இணையத்தில் காட்டுகிறது, வாங்கினவர் கிடைக்கவில்லை என்கிறார்.

காட்டுகிற பக்கத்தைத் திகதியோடு சேமித்து வையுங்கள். ஈபேயில் சேர்ந்த பதிவு இருந்தால் பொதுவாக உங்கள் பக்கம் நிற்கும், 750 டொலரும் அதற்கு மேலும் என்றால் கையொப்பம் வாங்கினதற்கான பதிவும் வேண்டும். ஆனால் ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போன பார்சல் எத்தனையோ.

பெயர் சொல்ல வேண்டாம் என்றவர்: வயலில் உழும்போது "சேது" என்று எழுதின செப்புக் காசுகள் சில கிடைத்தன. வெளிநாட்டில் ஒருவர் நல்ல விலை சொல்கிறார். ரிட்டர்ன் வராமல் எப்படி அனுப்பலாம்?

அனுப்பவே கூடாது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டப்படி நிலத்தில் இப்படிக் கிடைக்கிறது அரசின் சொத்து, நாட்டை விட்டு அனுப்ப அனுமதிப்பத்திரமும் வேண்டும். சுங்கத்தில் பிடிபட்டால் ரிட்டர்ன் எல்லாம் சின்ன விஷயமாகிவிடும். சட்டத்தை விடுங்கள், அது யாழ்ப்பாண அரசர்கள் தமிழ் எழுத்துப் போட்டு அடித்த காசு. அது எந்த வயலில், எந்த ஆழத்தில், எதோடு சேர்ந்து கிடைத்தது என்பதுதான் அதன் பெறுமதி. கழுவாமல், பிரிக்காமல் தொல்பொருளியல் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். இதில் நான் மன்றாடித்தான் கேட்கிறேன்.

சீனன்குடா: மூவாயிரம் ரூபா விஷயத்துக்கு வாங்கினவர் எல்லா இடத்திலும் என்னைக் கள்ளன் என்று எழுதுகிறார்.

நீங்களும் எழுதத் தொடங்காதீர்கள். போட்டோ, எடை, தபால் சிட்டை மூன்றையும் ஒரே ஒருமுறை, கோபச்சொல் இல்லாமல் போட்டுவிட்டு நிறுத்துங்கள். அவரும் பக்கத்து ஊர்க்காரர் என்றால் மத்தியஸ்த சபை இருக்கிறது. அங்கே சட்டத்தரணி வந்து வாதாடுகிற வேலையில்லை, இரண்டு பேரும் உட்கார்ந்து பேச வேண்டியதுதான். நேரே முகம் பார்த்தால் பாதிச் சண்டை இறங்கிவிடும்.

கடைசியாக, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்: முத்திரை ஒட்டி, எங்கள் ஊர்த் தபாற்கந்தோரின் வட்டக் குத்து விழுந்த பழைய உறை ஒன்றை ரொறன்ரோவில் இருக்கிற திருகோணமலைக்காரர் ஒருவர் வாங்கினார். இப்போது "முத்திரை பிறகு ஒட்டப்பட்டது" என்று எழுதுகிறார். நான் வாங்கினபடியேதான் விற்றேன்.

ஐயா, நீங்கள் அனுப்பின படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். குத்தின வட்டத்தில் பாதி முத்திரையில் இருக்கிறது. முத்திரையின் ஓரத்தைத் தாண்டி உறையில் தொடர வேண்டிய மிச்ச வளைவு இல்லை. இடப்பக்கம் பழைய பசைத் தடம் முத்திரையின் ஓரத்துக்கு வெளியே ஒரு நூல் அளவு தெரிகிறது. அங்கே முன்பு வேறு முத்திரை இருந்திருக்கிறது. அவர் சொல்வது சரி. உங்களுக்கு விற்றவர் உங்களை ஏமாற்றினாரோ, அவரும் அறியாமல் விற்றாரோ தெரியாது, அவரிடம் கேட்கிற உரிமை உங்களுக்கு இருக்கிறது. ஆனால் அது உங்களுக்கும் அவருக்கும் இடையிலானது. ரொறன்ரோக்காரர் பிறந்த ஊரின் பெயரைப் பார்த்துத்தான் அதை வாங்கியிருப்பார். அவருக்கு இன்றைக்கே காசைப் போட்டுவிட்டு, உறையைத் திருப்பி அனுப்பச் செலவு வேண்டாம், விரும்பினால் வைத்துக்கொள்ளுங்கள் என்று எழுதுங்கள்.