கழிவுநீரில் கலக்கும் அன்டிபயோட்டிக்: நானோப் பொருளால் அகற்ற முடியுமா? கேள்வி பதில்

கொழும்பில் கழிவுநீர் ஆய்வுகூடம் ஒன்றில் வேலை செய்கிறேன். கேட்க விரும்புகிறவர்கள் கேளுங்கள் என்று சொன்னதும் நிறையக் கேள்விகள் வந்துவிட்டன. நானோப் பொருள் என்றால் மில்லிமீற்றரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்குக் கணக்கில் அளக்கும் மிக நுண்ணிய துணிக்கை. என் துறை தண்ணீர். எந்தக் காய்ச்சலுக்கு எந்தக் குளிசை என்று கேட்பவர்கள் தயவுசெய்து டொக்டரிடம் போங்கள்.

சுகந்தி, பம்பலப்பிட்டி: அக்கா, குளிசையை விழுங்குவது நாங்கள். அது எப்படித் தண்ணீருக்குப் போகிறது?

விழுங்கியது எல்லாம் உடம்பில் செலவாவதில்லை. அமொக்சிசிலினில் பாதிக்கு மேல் மாறாமலே சிறுநீரில் வெளியேறும். சிப்ரோஃப்ளொக்சசினில் 40 முதல் 50 வீதம் வரை. கொழும்பு நகரத்தின் பழைய கழிவுநீர்க் குழாய்கள் கடைசியில் முகத்துவாரத்திலும் வெள்ளவத்தையிலும் கடலுக்குள் போய் முடிகின்றன. குழாய் இல்லாத வீடுகளில் மலக்குழி, அங்கிருந்து மண்ணுக்குள். கோழிப் பண்ணை, ஆஸ்பத்திரி, மருந்துத் தொழிற்சாலை எல்லாம் இதோடு சேரும்.

எல்லா மருந்தும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. அமொக்சிசிலினுக்கு மருந்துக் குணம் தரும் பீற்றா லக்டம் வளையம் தண்ணீரில் கெதியாக உடைந்துவிடும். சிப்ரோ உடையாமல் சேற்றில் ஒட்டிக்கொள்ளும். சல்ஃபாமெதொக்சசோல் தண்ணீரோடேயே பயணம் செய்யும். சாதாரண நகரக் கழிவுநீரில் இவை லீற்றருக்கு நானோகிராம், மைக்ரோகிராம் அளவில்தான் இருக்கும். தொழிற்சாலைக் கழிவு வேறு கதை. ஐதராபாத்துக்குப் பக்கத்தில் பட்டன்சேருவில் மருந்துத் தொழிற்சாலைகளின் கழிவைச் சுத்திகரித்து வெளியே விட்ட நீரில் லீற்றருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோ இருந்ததாக 2007 இல் ஆய்வு வெளியானது. நோயாளியின் இரத்தத்தில்கூட அவ்வளவு இருக்காது.

குறைந்த அளவும் பாதுகாப்பானது என்று நினைக்காதீர்கள். பக்டீரியாவைக் கொல்லப் போதாத அளவு, எதிர்ப்புள்ள பக்டீரியா மற்றவற்றை முந்திப் பெருகப் போதும். 2019 இல் மட்டும் உலகில் 12.7 இலட்சம் இறப்புகளுக்கு மருந்துக்கு அடங்காத பக்டீரியா நேரடிக் காரணம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

மஞ்சுளா, தெமட்டகொடை: தண்ணீரைக் கொதிக்க வைத்தால் அன்டிபயோட்டிக் போகுமா?

போகாது. சிப்ரோ கொதிநீரைத் தாங்கும். ஆனால் கிருமிக்காகக் கொதிக்க வைப்பதை நிறுத்த வேண்டாம்.

நிரோஜன், மொறட்டுவை கம்பஸ்: இறுதியாண்டு ஆய்வு செய்கிறேன் அக்கா. டைட்டேனியம் டயொக்சைட்டு நானோத் துணிக்கையும் யூ.வி. லைட்டும் வைத்து, லீற்றருக்கு 20 மில்லிகிராம் டெட்ராசைக்கிளினில் 95 வீதத்தை இரண்டு மணித்தியாலத்தில் அகற்றினேன். ஆஸ்பத்திரிக் கழிவுநீருக்கு இது சரிவருமா?

தம்பி, எந்தத் தண்ணீரில் சோதித்தீர்கள்? யாரைக் கண்டாலும் நான் முதலில் கேட்பது இதுதான். காய்ச்சி வடித்த நீர் என்றால் உங்கள் துணிக்கைக்குப் போட்டியே இல்லை. ஒளி பட்டதும் உண்டாகும் ஐதரொட்சில் மூலிகம் (எதையும் உடைக்கத் துடிக்கும் நிலையில்லாத துணுக்கு) மருந்தைத் தேடிப் பிடிப்பதில்லை, எதிரே வருவதைத் தாக்கும். ஆஸ்பத்திரிக் கழிவுநீரில் கரைந்த சேதனப் பொருள் மில்லிகிராம் கணக்கில் கிடக்கும், மருந்து மைக்ரோகிராம் கணக்கில். பைகாபனேற்றும் குளோரைட்டும் தங்கள் பங்குக்கு மூலிகத்தைத் தின்னும். உங்கள் 95 வீதம் அங்கே தாக்குப்பிடிக்காது.

லைட் போடுமுன் அரை மணித்தியாலமாவது இருட்டில் கலக்கினீர்களா? இல்லையென்றால் துணிக்கையின் மேல் சும்மா ஒட்டியதையும் சிதைந்த கணக்கில் சேர்த்திருப்பீர்கள்.

அடுத்தது அளவிட்ட விதம். டெட்ராசைக்கிளின் கரைசல் வெளிர் மஞ்சள். லைட்டின் கீழ் முகவையைக் கவனித்துப் பாருங்கள்: முதலில் நிறம் கடுமையாகி மண்ணிறப் பக்கம் போகலாம், பிறகுதான் வெளிறும். மருந்து ஒளியை உறிஞ்சுவதைக் காட்டும், 357 நானோமீற்றரில் இருந்த உச்சி விழுந்தது என்றால் மூலக்கூறின் அந்தப் பகுதி குலைந்தது என்று மட்டுமே பொருள். துண்டுகள் தண்ணீரிலேயே நிற்கும். மொத்தச் சேதனக் காபனை அளந்தால் அது உச்சி விழுந்த அளவுக்குக் குறைந்திருக்காது. மிஞ்சிய நீரை ஈ. கோலை பக்டீரியா வளர்த்த தட்டில் வையுங்கள். வளர்ச்சி இன்னும் தடைப்பட்டால் மருந்துக் குணம் போகவில்லை.

கடைசியாக, துணிக்கையைத் திரும்ப எடுப்பது எப்படி? எடுக்க வழியில்லாமல் நானோப் பொருளைத் தண்ணீரில் போடாதீர்கள். ஒரு மாசுக்குப் பதில் இன்னொன்றை ஆற்றில் விடுவதாகிவிடும். கண்ணாடி மணியிலோ சவ்விலோ பதியுங்கள், அல்லது மக்னட்டைட்டு என்ற காந்த இரும்பு ஒக்சைட்டோடு சேர்த்துக் காந்தத்தால் இழுங்கள்.

பெயர் வேண்டாம், மருதானை: வெள்ளி நானோ போட்டால் பக்டீரியாவும் சாகுமே?

வேண்டாம். வெள்ளிக்கு எதிர்ப்புத் தரும் மரபணுவும் அன்டிபயோட்டிக்குக்கு எதிர்ப்புத் தரும் மரபணுவும் ஒரே பிளாஸ்மிட்டில் (பக்டீரியாக்களுக்குள் கைமாறும் டி.என்.ஏ. வளையம்) சேர்ந்திருக்கக்கூடும். ஒன்றைத் தூண்டினால் மற்றதும் கூடவே பரவும்.

ஃபர்ஹானா, கொலன்னாவை: கொதிக்க வைத்து வடிகட்டினால்?

மஞ்சுளாவுக்குச் சொன்னதைப் பாருங்கள்.

ரவீந்திரன், கொட்டாஞ்சேனை (ஓய்வுபெற்ற எஞ்சினியர்): பிள்ளை, ஏன் இந்த நானோ எல்லாம்? எங்கள் சிரட்டைக் கரியிலிருந்து செய்யும் ஏவப்பட்ட காபனை உலகமே வாங்குகிறது. அதைப் போட்டால் போதாதா?

நிரோஜன்: ஐயா, கரி மருந்தை அழிப்பதில்லை, இடம் மாற்றி வைக்கிறது. நிரம்பிய கரியை என்ன செய்வது?

ரவீந்திரன்: சுவிற்சர்லாந்தில் 2016 முதல் பெரிய நிலையங்களில் கரியோ ஓசோனோ போடுகிறார்கள். உங்கள் நானோ எந்த ஊரில் ஓடுகிறது தம்பி?

தர்ஷிகா, திருகோணமலை: புல்மோட்டை இல்மனைட்டில் டைட்டேனியம் இருக்கிறது. போகலையிலும் கஹட்டகஹவிலும் காரீயம் (கிரஃபைற்று) இருக்கிறது, அதிலிருந்து கிரஃபீன் ஒக்சைட்டு என்ற மெல்லிய காபன் தாள் செய்யலாம். மூலப்பொருளை ஏற்றுமதி செய்துவிட்டு நாங்கள் ஏன் கரியோடு நிற்க வேண்டும்?

மூன்று பேருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். இன்றைக்கு ஒரு ஆஸ்பத்திரி என்னிடம் வந்து கேட்டால் நான் ஐயாவின் பக்கம். முதலில் உயிரியல் சுத்திகரிப்பை ஒழுங்காக ஓட்டுங்கள், அதன் பின்னால் காபன் படுக்கை போடுங்கள் என்பேன். ஆனால் ஐயா, சிரட்டைக் காபனின் துவாரங்களில் பெரும்பகுதி 2 நானோமீற்றருக்கும் குறைந்தவை. டெட்ராசைக்கிளின் போன்ற பெரிய மூலக்கூறு உள்ளே நுழையச் சிரமப்படும், கழிவுநீரின் சேதனப் பொருள் வாசலையே அடைத்துவிடும். சல்ஃபாமெதொக்சசோலுக்கு நடுநிலை நீரில் மறை ஏற்றம், அது காபனில் சரியாக ஒட்டாது. படுக்கையைத் தாண்டி முதலில் வெளியே வருகிறவற்றில் அதுவும் ஒன்று. ஆகவே காபன் போட்டாயிற்று என்று கைகழுவ முடியாது. நிரம்பிய காபனை 800 பாகை செல்சியஸ் அளவில் சூடாக்கிப் புதுப்பிக்க வேண்டும் என்பதும் உண்மை. அதில் நிரோஜன் சொன்னது சரி.

தர்ஷிகா, உங்கள் ஆதங்கம் எனக்கும் உண்டு. ஆனால் டைட்டேனியம் டயொக்சைட்டுக்கு அலைநீளம் 388 நானோமீற்றருக்குக் குறைந்த ஒளி, அதாவது யூ.வி., வேண்டும். வெயிலில் யூ.வி. ஏறத்தாழ 5 வீதம்தான். மீதி வெயில் வீண், இல்லையென்றால் விளக்குக்கு மின்கட்டணம் கட்ட வேண்டும். கிரஃபிற்றிக் காபன் நைத்திரைட்டு என்ற இன்னொரு ஒளியூக்கி 460 நானோமீற்றர் வரை உறிஞ்சும், அதனால்தான் பலர் அந்தப் பக்கம் போகிறார்கள். கிரஃபீன் ஒக்சைட்டு டெட்ராசைக்கிளினை நன்றாகப் பிடிக்கும், ஆனால் தண்ணீரில் அவ்வளவு நன்றாகப் பரவுவதால் திரும்ப எடுப்பது பெரும்பாடு. எடுக்க வழியில்லாமல் போடாதீர்கள் என்று திரும்பவும் சொல்கிறேன். சிரட்டைக் காபன் மணியின் மேல் இப்படி ஒளி பட்டு வேலை செய்யும் ஒளியூக்கியைப் பதித்தால் காபன் பிடிக்கும், ஊக்கி சிதைக்கும். இந்தக் கூட்டு வழியில் உண்மையான கழிவுநீரை வைத்து வேலை செய்தால் எங்கள் கரியும் எங்கள் மண்ணும் இரண்டுமே பயன்படும்.

அஸாம், வத்தளை: வீட்டுக்கு நானோ ஃபில்டர் வாங்கலாமா? கொதிக்க வைப்பதைவிட நல்லதா?

கொதிக்க வைப்பது பற்றி இனிக் கேட்காதீர்கள். நானோ என்று பெட்டியில் எழுதியிருப்பதைப் பார்த்து வாங்க வேண்டாம். உள்ளே என்ன பொருள், அது தண்ணீரில் கசிகிறதா, எந்தத் தண்ணீரில் சோதித்தார்கள் என்ற மூன்றையும் எழுத்தில் கேளுங்கள்.

சுகந்தி: காலாவதியான குளிசையை டொய்லெட்டில் போட்டுத் தண்ணீர் ஊற்றலாமா?

கட்டாயம் கூடாது. பார்மசியில் திரும்ப எடுப்பார்களா என்று கேளுங்கள். எடுக்காவிட்டால் பாவித்த தேயிலைத்தூளோடு கலந்து, இறுகக் கட்டிக் குப்பையில் போடுங்கள். தந்த குளிசையை டொக்டர் சொன்னபடி எடுத்தால் மிஞ்சவே மிஞ்சாது.

நிரோஜன்: அக்கா, ஆஸ்பத்திரிக் கழிவுநீரிலேயே திரும்பச் செய்து பார்க்கிறேன். மாதிரி எடுப்பது எப்படி?

மிகவும் சந்தோஷம் தம்பி. முதலில் நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி எடுங்கள். கையுறை போட்டு, மண்ணிறக் கண்ணாடிப் போத்தலில் எடுங்கள், வெளிச்சம் பட்டால் டெட்ராசைக்கிளின் தானாகவே சிதையும். குளோரின் போட்ட நீர் என்றால் எடுத்த உடனேயே குளோரினை முறிக்கும் தியோசல்பேற்று சேருங்கள், இல்லாவிட்டால் வழியிலேயே குளோரின் மருந்தை உடைத்துவிடும். ஐஸில் வைத்து அன்றைக்கே கொண்டு வந்து வடிகட்டுங்கள். மருந்தைச் சேர்க்குமுன் பீ.எச்., பைகாபனேற்று, கரைந்த சேதனக் காபன் மூன்றையும் குறித்து வையுங்கள். 20 மில்லிகிராமை விட்டுவிட்டு லீற்றருக்கு 20 மைக்ரோகிராமில் தொடங்குங்கள். அந்த அளவை உங்கள் யூ.வி. கருவி காணாது, திணிவு நிறமாலைமானி (மாஸ் ஸ்பெக்ட்ரோமீற்றர்) உள்ள இடத்தில் நாள் கேட்டு வையுங்கள்.