ஏற்றத்தாழ்வு கூடிய நாட்டில் மக்களின் கோபமும் கூடுமா? ஆய்வாளர்கள் இதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

கேள்வியில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. வருமான ஏற்றத்தாழ்வை நாட்டுக்கு நாடு எப்படி ஒப்பிடுகிறார்கள் என்பது ஒன்று. ஏற்றத்தாழ்வு கூடிய நாட்டு மக்கள் அதைக் கூடுதலாக எதிர்க்கிறார்களா என்பது மற்றது. இரண்டாவதற்குச் சுருக்கமான பதில்: அப்படி நேரடியாக ஒத்துப்போவதில்லை. ஏன் என்பதுதான் சுவாரசியமானது.

முதலில் அளவு. இத்தாலியரான கொராடோ கினி 1912இல் தந்த கினிக் குணகம்தான் எல்லோருக்கும் தெரிந்தது. எல்லோருக்கும் சமமான வருமானம் என்றால் 0, முழு வருமானமும் ஒருவர் கையில் என்றால் 1. சூத்திரத்தில் சிக்கல் இல்லை, அதற்குள் போடும் தகவலில்தான் சிக்கல். நான் திருகோணமலையில் வினாக்கொத்தோடு வீடு வீடாகப் போய் வேலை செய்தவன். "போன மாதம் வருமானம் எவ்வளவு?" என்று கேட்டால் அரச உத்தியோகத்தர் உடனே சொல்லிவிடுவார். கரைவலையில் பங்குக்கு இழுப்பவர் என்ன சொல்வார்? மார்கழிக் கடலில் ஒரு கணக்கு, மீன் படும் மாதத்தில் வேறு கணக்கு. தம்பலகாமத்து விவசாயிக்கு அறுவடை முடிந்தால்தான் கையில் காசு. நிலாவெளி ஹோட்டலில் வேலை செய்யும் தம்பிக்கு சீசன் முடிந்தால் சம்பளமே நின்றுபோகலாம்.

அதனால்தான் பல நாடுகளில் வருமானத்துக்குப் பதிலாகச் செலவை வைத்துக் கணக்கிடுகிறார்கள். ஆனால் வசதியானவர்கள் வருமானத்தில் ஒரு பகுதியைச் சேமித்துவிடுவதால், செலவுக் கணக்கில் இடைவெளி சிறிதாகத் தெரியும். இலங்கையையே பாருங்கள். தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2019 ஆய்வின்படி வீட்டு வருமானத்துக்கான கினி 0.46. அதே ஆண்டுக்கு உலக வங்கி செலவை வைத்துத் தரும் எண் சுமார் 0.38. நாடும் ஒன்று, ஆண்டும் ஒன்று. 0.38ஐ எடுத்து, வருமானத்தை வைத்துக் கணக்கிடும் பிரேசிலோடு ஒப்பிட்டு "நாங்கள் எவ்வளவோ பரவாயில்லை" என்று பேசுவதை நான் ஏற்கமாட்டேன். 1983இல் தொடங்கிய லக்சம்பர்க் வருமான ஆய்வு போன்ற திட்டங்கள், பல நாட்டுத் தரவுகளை ஒரே வரையறைக்குள் கொண்டுவரத்தான் இத்தனை ஆண்டுகளாகப் பாடுபடுகின்றன.

இன்னொன்றும் எனக்கு முக்கியம். அதே திணைக்களத்தின் 2006/07 ஆய்வில் வட மாகாணமும் திருகோணமலை மாவட்டமும் சேர்க்கப்படவில்லை. யுத்த காலம். "இலங்கையின் ஏற்றத்தாழ்வு" என்று அந்த ஆண்டுக்கு அச்சிடப்பட்ட எண்ணில் நாங்கள் இல்லை.

அப்புறம், மக்களின் கருத்து. சர்வதேச சமூக ஆய்வுத் திட்டம் 1987, 1992, 1999, 2009, 2019 ஆகிய ஆண்டுகளில் ஏற்றத்தாழ்வை மையமாக வைத்துப் பல நாடுகளில் ஒரே கேள்விகளைக் கேட்டது. வருமான வித்தியாசம் அளவுக்கு மிஞ்சிவிட்டதா, ஒரு டாக்டர் எவ்வளவு சம்பாதிக்கிறார், எவ்வளவு கிடைத்தால் நியாயம் என்றெல்லாம் அதில் வரும். மிகச் சிலர் மேலே, பெருங்கூட்டம் கீழே என்பதில் தொடங்கி, ஐந்து விதமான சமூகங்களைப் படமாகக் காட்டி, "உங்கள் நாடு எது?" என்றும் கேட்பார்கள். கிம்பெல்சன், டிரைஸ்மன் என்ற இரு ஆய்வாளர்கள் 2009இன் பதில்களை உண்மைத் தரவுகளோடு வைத்துப் பார்த்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு ஒரு படத்தைத் தொட்டாலே ஐந்தில் ஒருமுறை சரியாகும். மக்கள் அதைவிடச் சற்றுத்தான் கூடுதலாகச் சரியாகச் சொல்லியிருந்தார்கள். பணக்காரரிடம் வரி வாங்கி ஏழைக்குக் கொடுக்க வேண்டும் என்ற விருப்பமும் மக்கள் மனதில் இருந்த ஏற்றத்தாழ்வோடுதான் ஒத்துப்போனது, உண்மையான கினியோடு அல்ல.

மெல்ட்சர், ரிச்சர்ட் என்ற பொருளியலாளர்கள் இருவரும் 1981இல் எழுதிய கோட்பாடு இதற்கு எதிர்த்திசையில் போகும். நடுவில் இருக்கும் வாக்காளரின் வருமானம் சராசரியைவிட எவ்வளவு கீழே இருக்கிறதோ, அவ்வளவுக்கு மறுபங்கீடு (இருப்பவரிடம் வாங்கி இல்லாதவருக்குக் கொடுப்பது) கேட்பார் என்றார்கள். 2019இல் இலங்கை வீடுகளின் சராசரி மாத வருமானம் 76,414 ரூபாய், இடையம், அதாவது வரிசையில் நடுவில் நிற்கும் வீட்டின் வருமானம், 53,333 ரூபாய். கோட்பாட்டின்படி பெரிய கோரிக்கையே எழ வேண்டும். ஆனால் தன் வீடு நாட்டில் எத்தனையாவது படியில் நிற்கிறது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

புவனஸ் அயர்ஸில் நடந்த ஓர் ஆய்வு (2013இல் வெளியானது) இதைத்தான் சோதித்தது. தங்கள் இடத்தை மக்கள் அக்கம்பக்கத்தை வைத்தே கணித்திருந்தார்கள். ஏழைகளில் பலர் தாங்கள் நடுவில் இருப்பதாக நம்பினார்கள். உண்மையான இடம் கீழே என்று சொல்லப்பட்டவர்கள் உதவித் திட்டங்களைக் கூடுதலாக ஆதரித்தார்கள். சிலருக்கு மட்டும் தகவலைக் கொடுத்து மற்றவர்களோடு ஒப்பிடும் இந்தப் பரிசோதனை முறையில்தான் எனக்கு அதிக நம்பிக்கை. நாடுகளைப் புள்ளிகளாகப் போட்டுக் கோடு கீறினால், கையில் இருப்பது முப்பது நாற்பது புள்ளிகள்தான். மதமா, வரலாறா, ஏற்றத்தாழ்வா, எது காரணம் என்று பிரித்தெடுப்பது கடினம்.

இங்கே 2023இல் அஸ்வெசும என்ற அரச உதவித் திட்டத்தின் பெயர்ப்பட்டியல் வந்தபோது நான் அதிகம் கேட்டது கொழும்பின் பணக்காரரைப் பற்றிய பேச்சு அல்ல. "அந்த வீட்டுக்குக் கிடைச்சிருக்கு, எங்களுக்கு ஏன் இல்லை?" என்பதுதான். யார் உதவிக்குத் தகுதியானவர் என்று மக்கள் எப்படித் தீர்மானிக்கிறார்கள் என்பதை ஆராயும் தனித் துறையே இருக்கிறது. கஷ்டம் அவர் கையை மீறியதா, அவர் நம்மவரா, உண்மையில் தேவையா என்றெல்லாம் அதில் பார்ப்பார்கள். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூவரும் வாழும் எங்கள் மாவட்டத்தில், "நம்மவரா" என்ற கேள்விக்கு எவ்வளவு பாரம் என்று அளந்து பார்க்க வேண்டும். மூதூரிலும் உப்புவெளியிலும் கிண்ணியாவிலும் பாதிப் பேருக்கு அவர்களுடைய உண்மையான படியைச் சொல்லி, மற்றப் பாதிக்குச் சொல்லாமல், இரு தரப்பிடமும் அஸ்வெசும பற்றி ஒரே கேள்வியைக் கேட்கலாம். வினாக்கொத்து தயாரிக்க யாராவது முன்வந்தால் நானும் கூட வருவேன்.