மூன்றாம் வரிசை முகம்

அன்புள்ள ஐயா,

போன ஞாயிறு வெள்ளவத்தையில் ஒரு நூல் வெளியீட்டில் முதன்முறையாகப் பேசினேன். மூன்றாம் வரிசையில் ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு, புருவத்தை நெரித்தபடியே இருந்தார். அவரைப் பார்த்துப் பார்த்தே பேச்சு குழம்பி, பாதியில் முடித்துவிட்டேன். சொல்லுக்கு 7 சதவீதம்தான், மிச்சம் 93 குரலும் முகமும் என்று ஒரு பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். அப்படியானால் அவர் முகம் சொன்னது என்ன?

ஒரு வாசகி, தெஹிவளை

அன்புள்ள தங்கச்சி,

அன்றைக்கு நான் அங்கே இல்லை. இருந்திருந்தால் அந்த முகம் என்னுடையதாகவே இருந்திருக்கும். கவனமாகக் கேட்கும்போது, கடன் கேட்டு வந்தவனைப் பார்ப்பதுபோல் பார்க்கிறேனாம், வீட்டில் சொல்வார்கள். கொழும்புத் தமிழ்ச் சங்கத்தில் பேசிய நண்பர் ஒருவர், "ஏன் அப்படி முறைத்தாய்?" என்று கேட்டுவிட்டு இரண்டு கிழமை என்னோடு கதைக்கவில்லை. அவர் சொன்ன ஒரு கருத்து எங்கே இடிக்கிறது என்று யோசித்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். யோசனை ஓட்டத்தில் ஏதாவது தடைப்பட்டால் புருவம் சுருங்கும் என்று டார்வின் 1872இலேயே எழுதிவிட்டார். கை கட்டுவதற்கு நம் மண்டபங்களின் ஏசியே போதும். போர்த்திய பொன்னாடையைச் சிலர் கடைசிவரை கழற்றாததற்கும் அதுதான் காரணமோ என்று எனக்கொரு சந்தேகம்.

அந்த 7 சதவீதக் கணக்கு மெஹ்ராபியன் என்ற உளவியலாளருடையது. 1967இல் தனித்தனிச் சொற்களையும் குரல் தொனியையும் முகப் படங்களையும் வைத்துச் செய்த சோதனைகள். சொல்பவருக்குக் கேட்பவரைப் பிடித்திருக்கிறதா, இல்லையா என்பதை மட்டும் பார்த்தவை. மேடைப் பேச்சுக்கு அதைப் பொருத்துவது பிழை.

'கடுத்தது காட்டும் முகம்', மனத்தில் மிகுந்ததை முகம் காட்டிவிடும் என்று வள்ளுவர் சொல்லவில்லையா என்பீர்கள். சொன்னார். ஆனால் அந்தக் குறள் இருக்கும் குறிப்பறிதல், அமைச்சர்களுக்கான அமைச்சியலில் வரும் அதிகாரம். அரசன் முகத்தை நாள்தோறும் பார்க்கிறவனுக்கானது. வழக்கமான முகம் தெரிந்தால்தானே மாறிய முகம் தெரியும்? உங்களுக்கு முன் பேசியவரையும் அவர் அப்படித்தான் பார்த்தாரா? அதைக் கவனித்தீர்களா?

தனி முகத்தை விட்டு மண்டபத்தைப் பாருங்கள். கதிரைகள் கிறீச்சிடும், மடியில் கைபேசி வெளிச்சம் தெரியும், ரோல்ஸ் தட்டு வரும் பக்கம் தலைகள் திரும்பும். அப்புறம் பேச்சை முடிக்கச் சொல்லித் தலைவரிடமிருந்து துண்டுச் சீட்டு வரும். அதற்குப் பயப்படலாம்.

அடுத்த கூட்டம் எப்போது என்று எழுதுங்கள். வருகிறேன், கடைசி வரிசையில் இருப்பேன்.