தர்மாஸ்பத்திரியில் 'தா' என்று கேட்கலாமா?

கேள்வி: எங்கள் ஊர் தர்மாஸ்பத்திரியில் 72 வயதான என் அம்மாவைப் பேத்தி வயது நர்ஸ் ஒருத்தி 'வா, உட்காரு, வாயைத் திற' என்கிறாள். பின்னாலேயே கவுன்சிலர் வந்தார். அவருக்கு 'வாங்கய்யா', ஒரு நாற்காலி. ஊழியர்களுக்குச் சமத்துவப் பயிற்சி கொடுத்தால் இதெல்லாம் மாறுமா?
— ஒரு வாசகி, விருத்தாசலம்

பதில்: மாறுமா என்பதை அப்புறம் பார்ப்போம். முதலில் அந்த 'தர்மாஸ்பத்திரி'. இந்தச் சொல்லை எழுத்தில் பார்த்து எத்தனை வருடமாயிற்று! எங்கள் வீட்டில் யாருக்காவது காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினால் பாட்டி சொல்வாள்: "காசு கொடுத்துப் பார்க்க நமக்கு ஏது வக்கு, தர்மாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ." கையில் ஒரு கண்ணாடிப் பாட்டிலுடன் போவோம். சிவப்புத் தண்ணீர் ஒன்றை ஊற்றித் தருவார்கள். எல்லா நோய்க்கும் அதே சிவப்பு. அந்த விஷயத்தில் பரிபூரண சமத்துவம்.

உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் அந்தச் சொல்லுக்குள்ளேயே கிடக்கிறது. தர்மம் போடுகிறவர் எவராவது "இந்தாங்க, எடுத்துக்கோங்க" என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? "இந்தா" என்பார். வாங்குகிறவர்தான் "மகராசி, நல்லாயிரு" என்று கும்பிட வேண்டும். கொடுப்பது தர்மம் என்று ஆகிவிட்டால் வாங்குகிறவருக்கு ஒருமைதான்.

நம் ஆஸ்பத்திரிகள் பிறந்த கதையும் அப்படி. வடசென்னையின் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் 'கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி' என்று ஒரு பெயர் உண்டு. 1782 பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரம்தான் அதன் வேர். கஞ்சிக்கு நின்ற வரிசை மருந்துக்கு நிற்கும் வரிசையானது. கஞ்சி நின்று எவ்வளவோ காலமாகிவிட்டது, தொட்டி மட்டும் பெயரில் தங்கிவிட்டது.

திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரி கதை இன்னும் சுவாரசியம். இன்று அது கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை. ஆனால் ஆட்டோக்காரரிடம் 'கோஷா' என்றால்தான் வண்டி திரும்பும். 1885-ல் அதைத் தொடங்கியவர் மேரி ஷார்லிப். பாரிஸ்டர் ஒருவரின் மனைவியாக மதராஸுக்கு வந்த ஆங்கிலப் பெண்மணி. ஆண் டாக்டர் தொடக்கூடாது என்று பெண்கள் பிரசவத்தில் செத்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, 1875-ல் மதராஸ் மருத்துவக் கல்லூரியில் தானே போய்ச் சேர்ந்தவர். அவர் ஆரம்பித்த ஆஸ்பத்திரியின் முதல் பெயரைத் தமிழில் சொன்னால் 'சாதிப் பெண்களுக்கும் கோஷாப் பெண்களுக்குமான விக்டோரியா மருத்துவமனை' என்று வரும். கோஷா என்றால் அந்நிய ஆண் கண்ணில் படாமல் திரைக்குள் வாழ்வது. சாதி என்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பெயர்ப்பலகையிலேயே 'சாதி'! அப்படி எழுதாவிட்டால் அந்தப் பெண்கள் படியேறியிருக்க மாட்டார்கள், வீட்டிலேயே செத்திருப்பார்கள். ஷார்லிப் அம்மையாரை நான் குறை சொல்ல மாட்டேன். உயிரைக் காப்பாற்ற பாகுபாட்டையே தூண்டிலாகப் போட வேண்டியிருந்த ஊர் இது என்றுதான் சொல்ல வருகிறேன். பெயரை மாற்றிய பெயிண்டருக்கு ஒரு நாள் வேலை. சுவருக்குள்ளே இருப்பதை எடுக்க எந்தப் பெயிண்டரைக் கூப்பிடுவது?

சரி, இலக்கணத்துக்கு வருவோம். (சந்தா ரத்து செய்கிறவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம்.) ஒருவரிடம் ஒன்றைக் கேட்பதற்குத் தொல்காப்பியர் மூன்று சொற்கள் வைத்திருக்கிறார்: ஈ, தா, கொடு. தன்னைவிட உயர்ந்தவரிடம் கேட்டால் 'ஈ'. சமமானவரிடம் 'தா'. தனக்குக் கீழே இருப்பவரிடம் 'கொடு'. 'ஈயென் கிளவி இழிந்தோன் கூற்றே' என்பது சூத்திரம். நம் அரசு ஆஸ்பத்திரிகளில் இந்த 'ஈ'க்குக் குறைவே இல்லை. வார்டு பக்கம் மொய்ப்பது வேறு ஈ.

சட்டம் நோயாளியை 'தா' என்று கேட்கும் இடத்துக்குக் கொண்டுவந்து ரொம்ப நாளாயிற்று. 1992-ல் மேற்கு வங்கத்தில் ஒரு விவசாயத் தொழிலாளி ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டார். அரசு ஆஸ்பத்திரிகள் ஒவ்வொன்றாக அவரைத் திருப்பி அனுப்பின: இங்கே படுக்கை இல்லை, அங்கே வசதி இல்லை. கடைசியில் தனியாரிடம் போய் 17,000 ரூபாய் செலவழித்துப் பிழைத்தார். அவசர சிகிச்சையை அரசு மறுப்பது அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவை, அதாவது வாழும் உரிமையை, மீறுவது என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அவருக்கு 25,000 ரூபாய் இழப்பீடும் கிடைத்தது. அந்தத் தீர்ப்பில் 'தர்மம்' இல்லை. 2017-ன் எச்.ஐ.வி. சட்டத்திலும் இல்லை. தொற்றைக் காட்டிச் சிகிச்சையை மறுக்கக் கூடாது, சம்மதம் இல்லாமல் ஒருவரின் தொற்றை இன்னொருவரிடம் சொல்லக் கூடாது என்கிறது அது. இந்தியாவில் அந்தத் தொற்றை முதலில் கண்டறிந்தது 1986-ல், நம் சென்னையில்தான். டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் கண்டுபிடித்தார்கள். கண்டுபிடித்த ஊருக்கே சட்டம் வர முப்பது வருடம் தேவைப்பட்டது.

போகட்டும். எனக்கு இதில் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. 'ஆஸ்பத்திரி'யும் 'ஓட்டல்'லும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். இரண்டுக்கும் மூலம் விருந்தினரைக் குறிக்கும் ஒரு லத்தீன் சொல். அண்ணன் தம்பி இரண்டு பேர் தொழிலைப் பாருங்கள். காலை எட்டு மணிக்கு ஓட்டலில் நுழைகிறீர்கள். "வாங்க சார், என்ன சாப்பிடுறீங்க?" பத்து மணிக்கு ஆஸ்பத்திரியில் நுழைகிறீர்கள். "என்ன சாப்பிட்டே?" அதே வயிறு, உள்ளே அதே இரண்டு இட்லி. ஓட்டலில் உட்கார்ந்ததும் தண்ணீர் வருகிறது. ஆஸ்பத்திரியில் நாம்தான் 'தண்ணி' கொடுத்துவிட்டு வர வேண்டும், சின்ன டப்பாவில். ஓட்டலில் "சார், இன்னும் கொஞ்சம் சாம்பார்?" ஆஸ்பத்திரியில் "எத்தனை தடவை ரத்தம் எடுக்கிறது, கையை நீட்டு." ஓட்டலில் சரியில்லை என்றால் முதலாளியைக் கூப்பிடலாம். ஆஸ்பத்திரியில் கூப்பிட்டுப் பாருங்கள், "முதலாளியா? நீதான் முதலாளி, உன் வரிப்பணம்தானே" என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். சொன்னால் அது உண்மை. சோப்புக் கட்டிக்கும் தேங்காய் எண்ணெய்க்கும் வரி கட்டாத ஏழை இந்த நாட்டில் யார்?

கொஞ்சம் அசிங்கமான சொந்தக் கதை. சில வருடங்களுக்கு முன் சர்க்கரை பார்க்க ஓர் ஆஸ்பத்திரிக்கு லுங்கியோடு போயிருந்தேன். எனக்கு முன்னால் கட்டட வேலை செய்யும் ஒரு பெண். கால் விரலில் சிமென்ட் காயவில்லை. இருவருக்கும் ஒரே மாதிரி "தள்ளி நில்லு". நியாயம், வரிசை வரிசைதான். அப்புறம் சீட்டு எழுதுகிறவர் என் பெயரைப் பார்த்து, "பத்திரிகை சாரா?" என்று எழுந்தார். ஒரு ஸ்டூல் வந்தது. நான் உட்கார்ந்தேன். அந்தப் பெண்ணைத் தாண்டி உள்ளே போனேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. இந்தப் பக்கத்தில் நாட்டின் சகல அநீதிகளையும் கண்டிக்கிற நானும் ஒன்றும் சொல்லவில்லை. இருவருக்கும் எழுதிய மாத்திரை ஒன்றே.

இப்போது கோபப்படாமல் உங்கள் கேள்வியை ஒரு தடவை படியுங்கள். கவுன்சிலர் 'வந்தார்'. நர்ஸ் 'ஒருத்தி', அவள் 'என்கிறாள்'. உங்களைத் திட்டவில்லை அம்மா, நானும் முதல் பத்தியில் என் பாட்டி 'சொல்வாள்' என்றுதான் எழுதியிருக்கிறேன். ஆனால் பாட்டிக்குப் போட்ட 'ஆள்' வேறு, நர்ஸுக்குப் போட்ட 'ஆள்' வேறு. மதுரைப் பக்கத்து நர்ஸ் ஒருவர் "வா தாயி, கையைக் கொடு" என்றால் பாதி நோய் போய்விடும். அதுவும் ஒருமைதான். ஆகவே 'வா'வைப் பிடித்துத் தூக்கில் போட வேண்டாம். அதே வாயிலிருந்து யாருக்கு 'வாங்க' வருகிறது என்று பார்த்தால் போதும். கவுன்சிலரிடமும் "வா ராசா, வாயைத் திற" என்று அவர் சொல்வாரானால் நான் நேரில் வந்து மாலை போடுகிறேன். அந்த நர்ஸை டாக்டர் எப்படிக் கூப்பிடுகிறார், வார்டைக் கூட்டிப் பெருக்குகிற அம்மாவை அந்த நர்ஸ் எப்படிக் கூப்பிடுகிறார் என்றும் கவனியுங்கள். 'ங்க' மேலே ஏறும்போது ஒட்டிக்கொள்கிறது, கீழே இறங்கும்போது உதிர்ந்துவிடுகிறது.

பயிற்சி? கொடுக்கட்டும். ஹாலில் உட்கார வைத்து, திரையில் படம் காட்டி, டீயும் சமோசாவும் கொடுத்து, கையெழுத்து வாங்கி அனுப்புவார்கள். அந்த டீயிலேயே மேடைக்குப் பீங்கான், பின்வரிசைக்குப் பேப்பர் கப். ஒரே ஒரு உத்தரவு போதும் என்பேன்: ஓ.பி. சீட்டு எழுதும் இடத்திலிருந்து பிணவறை வரை யாராக இருந்தாலும் 'ங்க'. செலவு இரண்டு எழுத்து. நீங்களும் அடுத்த முறை 'தா' தொனியில் கேட்டுப் பாருங்கள். தொனியில் மட்டும். வாயைத் திறந்து "மாத்திரை தா" என்று சொல்லி ஏதாவது ஆனால், தொல்காப்பியர் சாட்சிக்கு வரமாட்டார், நானும் வரமாட்டேன்.

இந்தப் பதிலில் 'ஆஸ்பத்திரி' என்று இத்தனை முறை எழுதியதற்குப் புலவர் நண்பர் ஒருவரிடமிருந்து கண்டனக் கடிதம் வரும். பத்து வருடமாக வருகிறது: 'மருத்துவமனை' என்ற நல்ல தமிழ் இருக்க, போர்த்துக்கீசியன் எச்சில் எதற்கு என்று. போன மாதம் அவருக்கு மூட்டுவலி. எங்கே காட்டினீர்கள் என்று கேட்டேன்.

"ஜி.எச்.சுலதான். ஓ.பி. டோக்கன் போட்டேன்" என்றார்.