சாத்யா, சாயா, ஒரு பொட்டலம்

அடுத்த மாதம் எஸ்தோனியாவின் தார்த்து நகருக்கு முதுகலை படிக்க வரவிருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "அண்ணா, அஞ்சலகத்தில் பேசுவதற்கு எஸ்தோனிய மொழியில் பத்து வாக்கியங்கள் எழுதிக் கொடுங்கள். அம்மா மாதம் ஒரு பொட்டலம் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். குளிர் உடை எங்கே மலிவு, வாடகை எவ்வளவு ஆகும் என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும்."

குளிர் உடையை இங்கே வந்து வாங்கிக்கொள்ளுங்கள். சென்னையில் விற்கிற ஸ்வெட்டர் இங்கே அக்டோபர் மாதத்தைக்கூடத் தாங்காது. வாடகையைப் பல்கலைக்கழக விடுதியில் கேட்டால் சரியான தொகையைச் சொல்வார்கள். அந்த அஞ்சலகக் கேள்வியைத்தான் என்னால் தாண்டிப் போக முடியவில்லை.

ஏனென்றால் நானும் அப்படிப் பத்து வாக்கியங்களைத் தாளில் எழுதி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தவன். 2008 ஜனவரி. தலைநகர் தாலினிலிருந்து தார்த்துவுக்கு இரண்டரை மணி நேர பஸ் பயணம். வெளியே மாலை நான்கு மணிக்கே நள்ளிரவு போல இருட்டு. நான் கண்ணை மூடிக்கொண்டு "குய் பல்யு சே மக்சப்?" என்று பரீட்சைக்குப் போகிற பையனைப் போல உருப்போட்டுக்கொண்டிருந்தேன். "இதன் விலை என்ன?" என்று பொருள். மறுவாரம் அஞ்சலகத்தில் அதைத் தப்பில்லாமல் சொன்னேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அம்மையாருக்கு நன்றாகப் புரிந்துவிட்டது. அங்கேதான் வந்தது வினை. புரிந்ததால் அவர் பதில் சொல்லிவிட்டார். அந்தப் பதிலைப் புரிந்துகொள்ள என் தாளில் ஒன்றும் இல்லை.

விலை காதில் ஏறாததால் கொஞ்ச காலம் ஒரு தந்திரம் செய்தேன். அப்போது யூரோ வரவில்லை. 2011 ஜனவரியில்தான் வந்தது. அதுவரை இந்த நாட்டு நாணயம் க்ரோன். எதற்கும் நூறு க்ரோன் தாளை நீட்டிவிடுவேன். மீதியை அவர்களே எண்ணித் தருவார்கள். வாரக் கடைசியில் பை நிறையச் சில்லறை கிணுகிணுக்கும். அந்த நூறு க்ரோன் தாளில் இருந்தவர் லிதியா கொய்துலா என்ற கவிஞர். அவருடைய தந்தை 1857இல் தொடங்கிய செய்தித்தாள் இன்றும் வருகிறது. அதன் பெயர் போஸ்திமேஸ், அதாவது தபால்காரர். தபால்காரர் பெயரில் நாளிதழ் நடத்துகிற நாட்டில், தபால் தலை வாங்கத் தெரியாமல் நான் அந்த ஆசிரியரின் மகள் படத்தை நீட்டிக்கொண்டிருந்தேன்.

ஆகவே தம்பி, நீங்கள் பேச வேண்டிய வாக்கியங்களைவிட, அவர்கள் உங்களிடம் கேட்கப்போவதைக் காதுக்குப் பழக்குங்கள். "தொகுமெந்த், பலுன்" என்றால் அடையாள அட்டையை எடுக்க வேண்டும். "மிஸ் செஅல் சேஸ் ஒன்?" என்றால் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கிறார்கள். "கார்திகா வொய் சுலரஹாஸ்?" என்றால் அட்டையா, ரொக்கமா. "பலுன் அல்கிரி சீயா" என்றால் இங்கே கையெழுத்து. கிரி என்றால் கடிதம், எழுத்து இரண்டும்தான். அல் என்றால் கீழே. நாம் கையால் எழுதுவதைக் கையெழுத்து என்கிறோம், அவர்கள் கீழே எழுதுவதைக் கீழெழுத்து என்கிறார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

இனி என் கதைக்கு வருகிறேன். அந்த முதல் குளிர்காலத்தில் தாலினில் இருந்த நண்பன் காய்ச்சலில் படுத்துவிட்டான். கம்பளிக் காலுறை இரண்டு ஜோடியும், என்னிடம் மிச்சமிருந்த இட்லிப் பொடியும் கட்டி அனுப்பப் போனேன். உள்நாட்டுப் படிவம், ஓர் ஆங்கிலச் சொல் கிடையாது. மேலே ஒரு கட்டம் "சாத்யா", கீழே ஒரு கட்டம் "சாயா". இரண்டும் எனக்கு ஒன்றாகவே தெரிந்தன. குத்துமதிப்பாக ஒன்றில் என் முகவரி, மற்றதில் அவன் முகவரி. அம்மையார் படிவத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "தார்த்துஸ்ஸே?" என்றார். தார்த்து என்ற ஊர்ப் பெயர் காதில் விழுந்ததும், இந்த ஊர்க்காரனா என்று கேட்கிறார் என நினைத்து, "யா, யா" என்று பெருமையாகத் தலையாட்டினேன். பணமும் கட்டினேன்.

சில நாள் கழித்து எனக்கு ஒரு பொட்டலம் வந்திருப்பதாகச் சீட்டு வந்தது. யாரோ நினைத்துப் பார்த்து அனுப்பியிருக்கிறார்கள் என்று பனியில் வழுக்கி வழுக்கி ஓடினேன். நான் கட்டிய கயிறு, நான் போட்ட முடிச்சு. அதே அம்மையார். அவர் சிரிக்கவில்லை, முன்பின் தெரியாதவரைப் பார்த்துச் சிரிப்பது இந்த ஊர் வழக்கமில்லை. பேனாவை எடுத்து "சாத்யா" என்ற சொல்லின் நடுவில் இருந்த "த்" எழுத்துக்கு அடியில் ஒரு கோடு போட்டுக் காட்டினார்.

சாத்யா அனுப்புநர். சாயா பெறுநர். ஓர் ஒற்றுதான் வேறுபாடு. நான் கண்டுபிடித்த நினைவுக்குறி இது: சாயா யாருக்குக் கிடைக்கிறதோ அவர்தான் பெறுநர். பதினேழு ஆண்டுக்கு மேலாக இது என்னைக் கைவிட்டதில்லை. அந்த "ஸ்ஸே" விகுதியையும் கவனியுங்கள். "தார்த்துஸ்ஸே" என்றால் தார்த்துவுக்கு. "தார்த்துஸ்த்" என்றால் தார்த்துவிலிருந்து. எஸ்தோனிய மொழியில் பதினான்கு வேற்றுமை என்று ஆங்கிலேயர் தலையில் கை வைப்பார்கள். எட்டு வேற்றுமையைப் பள்ளிக்கூடத்தில் பிரம்படி வாங்கிப் படித்த நமக்கு மேலும் ஆறு என்ன பெரிய பாரம்? பெயரோடு விகுதி ஒட்டினால் வேலை முடிந்தது. இந்தியாவுக்கு என்பது "இந்தியாஸ்ஸே".

நமக்கு இன்னொரு வசதியும் உண்டு. இந்த மொழியில் ஒலிக்கு மூன்று அளவு. குறிலும் நெடிலும் போக, நெடிலைவிட நீண்ட ஒன்று. மற்றவர்கள் மாதக்கணக்கில் தவிப்பார்கள். நம்மிடம் அதற்கு அளபெடை என்று பெயரே இருக்கிறது. "சதா" என்றால் நூறு. "சாதா" என்றால் அனுப்பு. "சாஅதா" என்றால் பெறுதல். எழுதும்போது கடைசி இரண்டும் ஒரே எழுத்துக்கூட்டல். இழுக்கிற நீளத்தில்தான் அனுப்புவதும் பெறுவதும் பிரிகின்றன. என் எஸ்தோனிய ஆசிரியை இதை வகுப்பில் சொன்னபோது நான் மட்டும் முதல் தடவையிலேயே சரியாகச் சொன்னேன். திருநெல்வேலித் தமிழாசிரியர் ஒருவருக்குத்தான் அந்தப் பெருமை சேர வேண்டும். அளபெடை வகைகளை ஒப்பிக்கத் தெரியாமல் அவரிடம் நான் வாங்கிய அடி அன்றைக்கு வீண் போகவில்லை.

ஏமாற்றும் சொற்கள் சில உண்டு. "போஸ்ட்மார்க்" என்றால் இங்கே தபால் தலை. நம் ஊரில் அதன்மேல் குத்துகிற முத்திரை என்று நினைப்போம். முத்திரைக்கு "தெம்பெல்" என்பார்கள். "ஹிந்த்" என்று கடை, அஞ்சலகம், பேருந்து நிலையம் எங்கும் எழுதியிருக்கும். இந்தியாவுக்குத் தனிக் கட்டணமோ என்று முதல் மாதம் முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன். ஹிந்த் என்றால் விலை.

பெயர் விஷயத்தில் எச்சரிக்கை மிகவும் தேவை. இங்கே அட்டையில் முன்பெயர் தனி, குடும்பப் பெயர் தனி. நமக்குக் குடும்பப் பெயர் ஏது? தலையெழுத்தை விரித்து அப்பா பெயரை அந்த இடத்தில் போட்டுவிடுகிறோம். ஒருமுறை ஓர் அலுவலகத்தில் குடும்பப் பெயரைச் சொல்லி என்னை அழைத்தார்கள். யாரோ அப்பாவைக் கூப்பிடுகிறார்கள் என்று அசையாமல் உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் முறைதான் உறைத்தது. அப்பா போய் அப்போது நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. என் அம்மாவோ முதல் பொட்டலத்தின்மேல் வீட்டில் கூப்பிடுகிற செல்லப் பெயரை எழுதியிருந்தார். அட்டையில் அந்தப் பெயர் இல்லை, ஆகவே தரவில்லை. அவர்கள்மேல் குற்றமில்லை. இரண்டு மாதம் கழித்து ஊருக்குத் திரும்பிப் போன கடலை உருண்டையைச் சுத்தியலால் உடைத்துத் தின்றதாக அம்மா கடிதம் எழுதினார். பாஸ்போர்ட்டில் உள்ளபடி, ஓர் எழுத்து மாறாமல் எழுதச் சொல்லுங்கள். முகவரியில் 12-4 என்று இருந்தால் பன்னிரண்டாம் எண் வீட்டில் நான்காம் குடியிருப்பு. அதை நம் ஊர் வழக்கத்தில் 4/12 என்று திருப்பி எழுதிவிட வேண்டாம்.

மாதம் ஒரு பொட்டலம் என்கிறீர்கள். அம்மாவின் அன்பைத் தடுக்க நான் யார்? ஆனால் சுங்கம் என்று ஒன்று இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து ஒருவர் மற்றொருவருக்கு எப்போதாவது அனுப்பும் பரிசு 45 யூரோ மதிப்புக்குள் இருந்தால் வரி இல்லை. "எப்போதாவது" என்ற சொல்லைக் கவனியுங்கள். நீங்களே இணையக் கடையில் வாங்கி வரவழைத்தால் அந்தச் சலுகை கிடையாது. மதிப்புக்கூட்டு வரி 2025 ஜூலை முதல் 24 சதவீதம். நெய், பால்கோவா, இறைச்சி கலந்த எதுவும் வேண்டாம். பால், இறைச்சிப் பொருள்களை அஞ்சலில் வரவழைக்கத் தடை. பச்சைக் கறிவேப்பிலைக்குத் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள். உள்ளே என்ன என்று கேட்டால் "புல்பெர்" என்று சொல்லித் தொலைக்காதீர்கள். பொடி என்பதற்கு அகராதியில் அந்தச் சொல்தான் இருக்கும். நான் சொன்னேன். அம்மையாரின் புருவம் ஏறியது இன்னும் நினைவிருக்கிறது. மசாலா என்பதற்கு "வ்யூர்த்ஸ்" என்று ஒரு சொல் உண்டு, அதைச் சொல்லுங்கள்.

சரி, கேட்டதற்காகக் கொஞ்சம் தருகிறேன். உள்ளே நுழைந்ததும் "தெரே". பொட்டலம் வாங்க: "மா துலின் பக்கிலே யாரெலே." கடிதம் அனுப்ப: "சோவிக்சின் சாத்தா செல்லே கிர்யா இந்தியாஸ்ஸே." புரியாவிட்டால்: "மா எய் சா அரு." இது தமிழ் நாக்குக்கு அல்வா. முடிந்ததும் "ஐத்தாஹ்". பதினோரு இலக்கம் உள்ள உங்கள் "இசிக்குக்கோத்" என்ற அடையாள எண்ணை எஸ்தோனிய மொழியிலேயே சொல்லப் பழகுங்கள். அது வந்துவிட்டால் பாதி நாடு உங்கள் கையில். ஆங்கிலம் தெரியுமா என்று கேட்டால் "நதுக்கே", கொஞ்சம், என்பார்கள். பிறகு நம்மைவிட நன்றாகப் பேசுவார்கள். அதைத்தான் நம்மவர் பிடித்துக்கொள்கிறார்கள்.

தாலினில் கணினி நிறுவனங்களில் வேலை செய்கிற சிலரைப் பார்க்கிறேன். எட்டு ஆண்டு ஆகியும் "தெரே" தாண்டவில்லை. ஆங்கிலம் போதும் என்கிறார்கள். ஐந்தாம் ஆண்டில் நீண்டகாலம் தங்கும் உரிமத்துக்கு விண்ணப்பிக்கப் பி1 என்ற இடைநிலை மொழித் தேர்வு குறுக்கே நிற்கும்போது மட்டும் என்னைத் தொலைபேசியில் தேடுகிறார்கள். மேலும், இப்போது எல்லாம் பெட்டிமயம். பேரங்காடி வாசலில் "பக்கிஅவுதொமாத்" என்று தானியங்கிப் பெட்டி நிற்கிறது. கைப்பேசிக்கு எண் வரும். தட்டினால் கதவு திறக்கும். வசதிதான், மறுக்கவில்லை, நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் அஞ்சலகங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்து வருகின்றன. பெட்டி உங்களைத் திருத்தாது. "த்" எழுத்துக்கு அடியில் கோடு போடாது.

அந்தத் திரும்பி வந்த பொட்டலத்தை அன்றைக்கே பெயர் மாற்றி மறுபடி அனுப்பினேன். காலுறை மட்டும். பொடியை வீட்டுக்குக் கொண்டுபோய், நல்லெண்ணெய் கிடைக்காமல் சூரியகாந்தி எண்ணெயில் குழைத்து, கறுப்பு ரொட்டிக்குத் தொட்டுத் தின்றேன். நண்பனுக்கு இன்றுவரை தெரியாது.

வந்த முதல் வாரம் தகவல் சொல்லுங்கள். நானும் அஞ்சலகத்துக்கு வருகிறேன். பேச மாட்டேன், பின்னால் நிற்பேன்.