யுவானா, ரென்மின்பியா, குவாயா? சீனப் பணம்: கேள்வி பதில்

கேள்வி: செய்தியில் ஒரு நாள் ரென்மின்பி என்கிறார்கள், மறுநாள் யுவான் என்கிறார்கள். இரண்டும் ஒன்றா சார்?

பதில்: பணம் ஒன்றுதான். ரென்மின்பி என்றால் ‘மக்கள் பணம்’. சீன மக்கள் வங்கி 1948 டிசம்பர் 1 முதல் வெளியிட்டு வரும் பணத்தின் பெயர் அது. யுவான் அதை எண்ணும் அலகு. பிரிட்டனில் பணம் ஸ்டெர்லிங், எண்ணுவது பவுண்டு, அதே மாதிரி.

கேள்வி: சீனாவின் யீவூ சந்தைக்குச் சரக்கு எடுக்கப் போயிருந்தேன். யாருமே யுவான் என்று சொல்லவில்லை, எல்லாரும் குவாய் என்கிறார்களே?

பதில்: குவாய் என்றால் கட்டி, துண்டு. வெள்ளி புழங்கிய காலத்துப் பேச்சு இன்னும் நாக்கில் நிற்கிறது. யுவானில் பத்தில் ஒரு பங்கு ஜியாவ், அதைப் பேச்சில் மாவ் என்பார்கள். நூறில் ஒரு பங்கு ஃபென்.

நீங்கள் சரக்கு எடுப்பவர் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். ‘சான் குவாய் வூ’ என்று விலை சொன்னால், ‘மூன்று குவாய் ஐந்து’. அது 3.05 அல்ல, 3.50. கடைசி அலகை விழுங்கிவிடுவது அவர்கள் வழக்கம். 3.05 என்றால் நடுவில் ‘லிங்’, அதாவது பூஜ்யம், வரும். அப்புறம் பெரிய தொகை. அவர்களுக்கு ஆயிரத்துக்கு அடுத்த படி ‘வான்’, பத்தாயிரம். நம் ஒரு லட்சம் அவர்களுக்குப் பத்து வான். பேரம் பேசும்போது தாளில் எண்ணாக எழுதிக் காட்டச் சொல்லுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கேள்வி: பில்லில் ¥ என்று போட்டிருக்கிறது. அது ஜப்பான் யென் குறி அல்லவா?

பதில்: இரண்டுக்கும் அதே குறிதான். கிழக்காசியாவில் புழங்கிய வட்டமான வெள்ளி நாணயங்களை ‘வட்டம்’ என்ற சொல்லால் அழைத்தார்கள். யுவான், யென், கொரியாவின் வொன் மூன்றும் அதிலிருந்து வந்தவை. குறுக்குக்கோடு ஒன்றா இரண்டா என்று பார்த்து நாட்டைக் கண்டுபிடிக்க முடியாது. ஒரு யுவானுக்குச் சுமார் இருபது யென் வரும், மாற்றிப் படித்தால் கணக்கே கவிழ்ந்துவிடும். ஆகவே பில்லில் சிஎன்ஒய் என்ற குறியீட்டையும் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். யென்னுக்கு ஜேபிஒய்.

கேள்வி: வங்கிச் சீட்டில் எண்களை ஏன் அவ்வளவு சிக்கலான எழுத்தில் எழுதுகிறார்கள்?

பதில்: சாதாரணச் சீன எழுத்தில் ஒன்று என்பது ஒரு படுக்கைக் கோடு, இரண்டுக்கு இரண்டு கோடு, மூன்றுக்கு மூன்று. பேனா இருந்தால் ஒன்றை மூன்றாக்கலாம். நெட்டாக ஒரு கோடு போட்டால் பத்தே ஆகிவிடும். அதனால் பணத் தொகைக்கென்று திருத்த முடியாத தனி எழுத்துகள் வைத்திருக்கிறார்கள்.

கேள்வி: தாத்தா பெட்டியில் 10,000 யுவான் நோட்டு ஒன்று கிடைத்தது. நான் பணக்காரனா?

பதில்: அது ரென்மின்பியின் முதல் வரிசை நோட்டாக இருக்கலாம். 1955 மார்ச் 1 அன்று பழைய 10,000 யுவானைப் புதிய 1 யுவானாக மாற்றிவிட்டார்கள். இப்போது கடையில் செல்லாது. ஆனால் சேகரிப்பாளர்கள் தேடும் வரிசை, மடிக்காமல் வையுங்கள்.

கேள்வி: ஹாங்காங்கிலும் யுவான்தானா?

பதில்: இல்லை. அங்கே ஹாங்காங் டாலர், மக்காவில் பட்டாக்கா.

கேள்வி: நடுவில் சதுர ஓட்டை போட்ட சீன நாணயத்தை ஆங்கிலத்தில் ‘கேஷ்’ என்கிறார்கள். ஏன்?

பதில்: எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. அது நம் ‘காசு’! போர்த்துக்கீசியர் வாய் வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல். ரொக்கத்தைக் குறிக்கும் கேஷ் வேறு, அது பணப்பெட்டியைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. சீனர்கள் அந்த நாணயத்தை ‘வென்’ என்று எண்ணினார்கள்.